இந்த வருஷம் எப்படி வெட்டறது

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் அந்தப் பார்லரில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பிவிடும். சின்னக்கா இந்த வருஷம் தலையை என்ன செய்துகொள்ளப் போகிறாள்?

சின்னக்கா என்பது கடையில் வைத்த பெயர். கடைக்குச் சொந்தக்காரி பெரியக்கா. அவளுக்கு அடுத்தபடி கைப்பழக்கம் உள்ளவள் என்பதால் இவள் சின்னக்கா. நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, நடையில் எப்போதும் ஒரு அவசரம். வாசலுக்குப் பக்கத்து முதல் நாற்காலி அவளுடையது. வருஷா வருஷம் முப்பத்தோராம் தேதி வேலை முடிந்ததும் அந்த நாற்காலியில் அவளே போய் உட்காருவாள். அவளிடம் தொழில் கற்றுப் பக்கத்து நாற்காலி வரை வந்துவிட்ட குருவி கத்திரியை எடுப்பாள். கீச்சுக்குரலில் ஓயாமல் பேசுவதால் அவள் குருவி.

புருஷனை விட்டு வந்த வருஷம் சின்னக்கா ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் செம்பு நிறம் அடித்தாள். அப்புறம் ஒரு வருஷம் புருவத்தை மூடும் முன்முடி. 'எதிர்ல வர்ற ஆள் தெரியுதாடி உனக்கு' என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். போன வருஷம் காதுக்கு மேலே ஒரு பக்கத்தை மழித்துவிட்டாள். முடி வளரும்வரை அம்மா அவளோடு கடைத்தெருவுக்கு வர மறுத்துவிட்டாள். 'பாதி மொட்டை கூட நான் வரமாட்டேன், முழு மொட்டைன்னாலும் ஒரு நியாயம் இருக்கு' என்றாள்.

இந்த வருஷம் கடைசி வாரமும் வந்தது. சின்னக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றாவிட்டால் போகிறது என்று விடுகிற சுபாவமும் அவளுக்கு இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றி வந்தாள். அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். வெளிச்சத்தை மறைக்கிறது என்று மறுநாள் பழைய இடத்துக்கே இழுத்தாள். நல்லாயிருந்த திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தாள். இரண்டே அறை வீடு அது. அதில் ஒரு அறை அம்மாவுடையது. அலமாரி தரையில் உராய்கிற சத்தத்தில் அம்மா எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

"உனக்கு உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையா?"

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு."

"அப்ப அலமாரிக்குத்தான் சரியில்ல போல. பாவம், அதை விட்டுடு."

கடையிலோ தலைக்கு மேல் வேலை. வருஷம் பிறக்கப் போகிறது என்றால் ஜனங்களுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி தலையையும் புதுப்பிக்கத் தோன்றிவிடுகிறது. சுருட்டை முடிக்காரி நேராக்கச் சொல்வாள், நேர்முடிக்காரி சுருட்டச் சொல்வாள். வங்கியில் வேலை செய்யும் ஒருத்தி ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து, 'இந்தத் தடவை துணிஞ்சுட்டேன், முழுசா மாத்திடுங்க' என்று உட்கார்ந்து, கத்திரி கிட்டே வந்ததும் ஓரம் மட்டும் வெட்டிக்கொண்டு எழுந்து போவாள். உலர்த்தும் யந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே குருவி பேசிக்கொண்டிருப்பாள். பெரியக்கா கல்லாவுக்குப் பின்னால் ஃபோனைக் காதில் இடுக்கியபடி, 'சாயங்காலம் வாங்க, காலையில மூச்சு விட நேரமில்ல' என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

சின்னக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. நீள முடிக்காரி யாராவது வந்து, 'மொத்தமா எடுத்துடுங்க' என்றால் உடனே கத்திரியைத் தொடமாட்டாள். கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்து, "யார் மேல கோபம்?" என்று கேட்பாள். சிரிப்பு வந்தால் வெட்டுவாள். அழுகை வந்தால் ஓரம் மட்டும் நறுக்கி, 'ஒரு வாரம் கழிச்சு வாங்க, அப்பவும் இதே எண்ணம் இருந்தா வெட்டிடலாம்' என்று அனுப்பிவிடுவாள். 'வர்ற வேலையைத் திருப்பி அனுப்பறவ நீ ஒருத்திதான்' என்று பெரியக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அப்படிப் போனவர்கள் வேறு கடை பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் இப்படி யோசனை சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் தலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதுதான் குடைந்துகொண்டே இருந்தது.

வருஷம் முடிய ஒரு நாள் இருக்கும்போது மத்தியானத்தில் அந்தப் பெண் வந்தாள்.

முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். இடுப்பு வரை முடி, ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாள். 'சின்னக்காதான் வெட்டணும்' என்று பெரியக்காவிடம் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களைக்கூட, 'எனக்கு அவசரமில்லை, நீங்க போங்க' என்று முன்னால் விட்டாள். சின்னக்கா நிமிரும்போதெல்லாம் கண்ணாடியில் அந்த இரண்டு கண்களும் அவள் மேலேயே இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோதுதான் எழுந்து வந்து நாற்காலியில் அமர்ந்தாள்.

சின்னக்கா துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தாள். பின்னலைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தாள். அடர்த்தியான, கனமான முடி. கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போனது.

"என்ன பண்ணணும்மா?"

"எல்லாத்தையும் எடுத்துடுங்க. உங்க மாதிரி குட்டையா."

"யார் மேல கோபம்?"

சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்தப் பெண் கண்ணாடிக்குள் அவளை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவர்தான் அக்கா. நீங்க இருந்த வீட்டுலதான் நான் இப்ப இருக்கேன்."

சீப்பு சின்னக்காவின் கையில் அப்படியே நின்றது. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். அதற்குமேல் விசாரிக்கவில்லை. அந்த வீடு கண்முன் வந்து போனது. சமையலறை ஜன்னல், சரியாகச் சாத்தாத குளியலறைக் கதவு, சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காரும் பக்கம்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் குடிக்கமாட்டார். கை நீட்டமாட்டார். குரலை உயர்த்திப் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் ஓடுவது அவர்தான். தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தத் தங்கத்துக்கு ஏதாவது பிடிக்காமல் போனால் பேச்சை நிறுத்திவிடும். ஒரு நாள் இரண்டு நாள் கணக்கில்லை, வாரக்கணக்கு. சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், வேலைக்குப் போவார், வருவார். ஃபோனில் நண்பர்களோடு சிரிப்பார். வீட்டில் இன்னொரு ஜீவன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளமாட்டார். என்ன தப்பு என்றும் சொல்லமாட்டார். அவள் கெஞ்சி, அழுது, எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி, 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?' என்பார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊமைக்காயம் அது, தொட்டால்தான் வலிக்கும், பார்த்தால் தெரியாது. அவள் பெட்டியோடு வந்து நின்றபோது அம்மா கேட்டது, 'அடிச்சாரா?' என்றுதான். இல்லை என்றாள். 'குடிச்சாரா?' இல்லை. 'வேற யாராச்சும்?' இல்லை. 'பின்ன ஏன்டி?' என்றாள் அம்மா. அந்தப் பின்ன ஏனுக்கு இன்றுவரை சின்னக்காவிடம் பதில் இருந்ததில்லை. கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ, தப்பு தன் மேல்தானோ என்று குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் தோன்றுவதை அவளால் நிறுத்த முடிந்ததில்லை.

"நீங்க பயப்படாதீங்க. சண்டை போட வரலை," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அவர் ஃப்ரெண்ட் வீட்டுல சாப்பிடப் போயிருந்தோம். பஸ்ல தூங்கிப்போய்க் கடைசி ஸ்டாப்புல போய் இறங்கினார்னு அவரைப் பத்தி ஒரு கதை சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும்தான் சிரிச்சார். வீட்டுக்கு வந்தோம். அதோட சரி."

"பேசலை."

"பேசலை. மாசம் பிறந்து முடியப் போகுது. முதல் நாள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். என்ன தப்பு பண்ணினேன், சொல்லுங்கன்னு கேட்டதுக்கு..."

"உனக்கே தெரியணும்," என்றாள் சின்னக்கா.

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். அதே வார்த்தையைத்தான் அவளும் சொல்ல வந்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

சின்னக்காவுக்கு அந்த நொடியில் நெஞ்சுக்குள் ஏதோ குபுக்கென்று பொங்கியது. அது சந்தோஷம். எதிரில் ஒருத்தி இளைத்துக் கறுத்து உட்கார்ந்திருக்கிறாள், தனக்குச் சந்தோஷம் வருகிறது என்று தெரிந்ததும் முகம் சூடாகிவிட்டது. சீப்பைக் கீழே வைத்தாள். எடுத்தாள். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஏற்கெனவே ஈரமாக இருந்த முடியில் இன்னும் தெளித்தாள்.

"நீங்க வாய் நீளம், பிடிவாதம், குடும்பத்துக்கு லாயக்கில்லாதவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் அந்தப் பெண். "அவர் சொல்லலை. அவர் யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டாரே. மத்தவங்க சொன்னாங்க. நானும் நம்பினேன். இப்பதான் யோசிக்கிறேன், நாளைக்கு என்னையும் இப்படித்தானே சொல்லுவாங்க. வருஷம் முடியறதுக்குள்ள ஒரு விஷயம் எனக்குத் தெரிஞ்சாகணும் அக்கா. உங்ககிட்டயும் இப்படித்தானா, இல்ல என்கிட்ட மட்டும்தானா?"

"இப்படியேதான்."

"சத்தியமா?"

"ஒரு தடவை ஜன்னல் திரை கலரை அவரைக் கேக்காம மாத்திட்டேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு அவர் வாயைத் திறக்க. கல்லுளிமங்கன்கூடக் குடும்பம் நடத்தின மாதிரி இருந்துது. அப்புறம் ஒரு நாள் 'வெயில் ஜாஸ்தி இல்ல'ன்னார்."

அந்தப் பெண் மூச்சை நீளமாக விட்டாள். போர்த்திய துணிக்குள் தோள்கள் இறங்கின.

"அப்ப காரணம் நான் இல்லை."

"நீ இல்லை," என்றாள் சின்னக்கா. சொல்லும்போதே தன் காதிலும் அது விழுந்தது.

அடுத்த நாற்காலியில் குருவி அதிசயமாகப் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே கற்றையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் வந்துடட்டுமா அக்கா அங்கேருந்து?"

வந்துடு என்று நாக்கு நுனி வரை வந்தது. சின்னக்கா மென்று முழுங்கினாள். இவள் வந்துவிட்டால் தான் வந்ததும் சரியென்று ஆகிவிடும். அந்த ஆசையில்தான் நாக்கு துடிக்கிறது என்பது அவளுக்கே தெரிந்தது.

"அதை மட்டும் என்கிட்டக் கேக்காதே. அதுக்கு நான் சரியான ஆளில்லை. இப்ப முடியைச் சொல்லு. எதுக்கு வெட்டணுங்கற?"

"அவருக்கு நீள முடிதான் பிடிக்கும்."

"அது எனக்கும் தெரியும். உனக்கு எப்படி இருந்தா பிடிக்கும்?"

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"தெரியலையே. யோசிச்சதே இல்ல."

சின்னக்கா ஓரத்தை மட்டும் விரலகலம் நறுக்கிவிட்டாள். துணியை அவிழ்த்து உதறி, "ஒரு வாரம் கழிச்சு வா," என்றாள். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அந்தப் பெண் அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, பின்னலைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அன்றைக்கு வேலை முடிந்து சின்னக்கா பஸ் ஏறவில்லை. காலில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி நடந்தாள். கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடிக் கதவிலும் அவள் உருவம் கூடவே வந்தது. ஒரு பக்கம் முக்கால்வாசி வளர்ந்து, மறுபக்கம் சாய்ந்து கிடந்த தலை. உனக்கு எப்படி இருந்தா பிடிக்கும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டோமே, அதையே யாராவது தன்னைக் கேட்டால் என்ன சொல்வோம் என்று யோசித்தாள்.

அவருக்குக் குட்டை முடி பிடிக்காது. அதனால் ஒட்ட வெட்டினாள். கலர் அடிப்பது பிடிக்காது; அடித்தாள். நெற்றியில் முடி விழுந்தால் எரிச்சல்படுவார், விழவிட்டாள். தலையில் பாதியை மழித்தால் என்ன சொல்வார் என்று நினைத்துத்தான் போன வருஷம் அதையும் செய்தாள். அவர் பார்க்கப் போவதுகூட இல்லை. அங்கே இருந்தவரை அவர் சொன்னபடி. விட்டு வந்த பிறகு அவர் சொல்லியிருக்கக்கூடியதற்கு நேர்மாறு. எப்படியானாலும் கத்திரியைப் பிடித்தது அவர் கைதான்.

இது புரிந்ததும் நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், நெஞ்சுக்குள் இன்னும் அரித்தது. ஒரு தெரு முழுக்கப் போய், வந்த வழியே திரும்பி, மறுபடி போனாள்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் வந்தது, பேசியது, உனக்கே தெரியணும் என்கிற வார்த்தை, ஒரு மாச மௌனம், எல்லாவற்றையும். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்காகவா விட்டுட்டு வந்த?" என்றாள் முடிவில்.

"இதுக்காகத்தான்."

"இதை ஏன் நீ அன்னைக்கே சொல்லலை?"

"நீ கேக்கலையே. அடிச்சாரா, குடிச்சாரான்னுதானே கேட்ட."

அம்மா கத்தியை வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"எனக்குத் தெரிஞ்ச கேள்வியைத்தானேடி நான் கேக்க முடியும்," என்றாள். நறுக்கினதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "அந்தப் பொண்ணு சாப்பிட்டுட்டுத்தான் வந்திருந்தாளா?" என்றாள்.

"கேக்கலை."

"கேட்டிருக்கலாம். பேச ஆளில்லாத வீட்டுல சோறு இறங்காது."

அதற்குமேல் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. தங்கமான மனுஷன் என்ற சொல்லும் அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை.

மறுநாள், வருஷத்தின் கடைசி நாள், கடைக்குள் நிற்க இடமில்லை. நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் நிறைந்து, ஒருத்தி தலை முழுக்க வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். சின்னக்கா ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முன்முடி வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. யாரென்று நிமிர்ந்தாள்.

அவர் நின்றிருந்தார். காதோரம் நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள்தான். அதே இஸ்திரி போட்ட சட்டை, அதே மிருதுவான முகம். பெரியக்காவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்து, "மன்னிக்கணும், ஒரு நிமிஷம்தான்," என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"அவ உன்னைப் பார்க்க வந்திருந்தாளாமே. அவளே சொன்னா. அவகிட்ட என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அவதான் வந்து... ஓரம் மட்டும்தான் வெட்டினேன், நான் வேணும்னு..."

பேசிக்கொண்டிருப்பது தான்தானா என்று சின்னக்காவுக்கே சந்தேகம் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவர் ஒரு கேள்வி கேட்டதும் வாய் தானாகக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. கையில் கத்திரி திறந்தபடி இருந்தது. நாற்காலியில் இருந்த பெண் கண்ணை இறுக்க மூடியிருந்தாள், நெற்றியில் பாதி வெட்டின முடி.

சின்னக்கா பேச்சை நிறுத்தினாள். குனிந்து மீதி முடியைச் சீப்பில் எடுத்துச் சீராக வெட்டி முடித்தாள். அந்தப் பெண்ணின் மூக்கில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் துடைத்துவிட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னேன்னு அவளையே கேளுங்க."

"நான் உன்னைக் கேக்கறேன்."

"எனக்கும் உங்களுக்கும் பேச்சு முடிஞ்சு போச்சு. வீட்டுல இருக்கறவகிட்ட ஒரு மாசமா பேசலையாமே. அவகிட்டப் பேசுங்க."

உலர்த்தும் யந்திரங்களை யார் நிறுத்தினார்களோ, அவள் சொன்னது கடைசி நாற்காலி வரை கேட்டது. அவர் முகம் மாறவில்லை. கண் மட்டும் ஒரு தடவை கூட்டத்தின் மேல் போய் வந்தது. முன்னால் என்றால் இந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு மாசம் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். இன்றைக்கு அதற்கு வழியில்லை. அவர் பேசாமல் போனால் அவளுக்கு ஒன்றும் குறையாது. இது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

பெரியக்கா தொண்டையைக் கனைத்தாள். "சார், இது லேடீஸ் பார்லர். உங்களுக்கு முடி வெட்டணும்னா எதிர்ல கடை இருக்கு. சின்னக்கா சொல்லி அனுப்பினான்னு சொன்னா நல்லாவே வெட்டிவிடுவாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரும் புன்னகைத்தார். "எல்லாருக்கும் புது வருஷ வாழ்த்துக்கள்," என்று சொல்லிவிட்டு, உள்ளே நுழைய வந்த ஒருத்திக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டு, இறங்கிப் போனார்.

"என்ன மரியாதையான மனுஷன்," என்றாள் படியிலிருந்து வெள்ளித்தாள் தலை.

சின்னக்கா உள்ளே தலை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து மணிக்கட்டை நனைத்துக்கொண்டு நின்றாள். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக, வரிசையாக, நல்லநல்லதாக வந்தன. ஒன்றும் இனி உதவாது. குருவி வந்து எட்டிப் பார்த்து, "அடுத்த ஆள் உக்காந்தாச்சு சின்னக்கா," என்றாள். சின்னக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வேலை ஓய்ந்து தரையைக் கூட்டினதும் குருவி துணியை உதறி முதல் நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"வாங்க. இந்த வருஷம் எப்படி வெட்டறது?"

சின்னக்கா உட்கார்ந்தாள். குருவி சீப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெரியக்காவும் கல்லாவை விட்டு வந்து நின்றாள். குட்டை, நீளம், கலர், சுருட்டை என்று சின்னக்கா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவர் முகம்தான் எட்டிப் பார்த்தது. ஒன்றுக்குத் திருப்தியாக, ஒன்றுக்கு எரிச்சலாக. எழுந்துவிட்டாள்.

"வேண்டாம். விட்டுடு."

"பழசோடயே புது வருஷத்துக்குள்ள போவீங்களா?"

"போறேன். வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஜனவரி முழுக்க அது வளர்ந்தது. பாதி ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம் என்று காக்காய்க்கூடு மாதிரி நின்றது. 'பார்லர்ல முதல் நாற்காலியில இப்படி ஒரு தலை நின்னா எவ உள்ள வருவா' என்று பெரியக்கா புலம்பினாள். ஒரு தொப்பி வாங்கி வந்து கல்லா மேல் வைத்தாள். சின்னக்கா அதைப் போடவில்லை. அவளுக்குமே கண்ணாடி பார்க்கும்போது கை பரபரத்தது. கத்திரியை எடுப்பாள், எந்தப் பக்கம் ஆரம்பிப்பதென்று தெரியாமல் வைத்துவிடுவாள். வீட்டில் அலமாரி இன்னும் இரண்டு தடவை இடம் மாறியது. ஒரு வாரம் கழித்து வா என்று சொன்ன அந்தப் பெண் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் சின்னக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். எங்கே இருக்கிறாள், என்ன ஆனாள், தான் சொன்னதே அவளுக்கு வினையாகப் போயிற்றோ என்று ராத்திரியில் புரண்டு படுத்தாள்.

பிப்ரவரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானத்தில் அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் ஏதோ நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கியது. முடி அதே நீளத்தில் இருந்தது. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டைல்ஸ் கடையில வேலைக்குச் சேர்ந்துட்டேன் அக்கா. வீட்டுக்கு என்ன தளம் போடறதுன்னு தெரியாம குடும்பம் குடும்பமா வந்து நிப்பாங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பேச்சுதான். தொண்டை கட்டிக்குது."

"வீட்டுல?"

"அங்கதான் இருக்கேன். இன்னும்."

"அவர் பேசறாரா?"

"இப்பப் பேசறார். அன்னைக்கு இங்கேருந்து வந்ததும் பேச ஆரம்பிச்சவர், நிறுத்தலை. வெயிலைப் பத்தி, பக்கத்து வீட்டைப் பத்தி, எல்லாம் சொல்றார்." அவள் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் இப்ப அவ்வளவா காது குடுக்கறதில்லை. மறுபடி நிறுத்துவார், தெரியும். நிறுத்தினா என்ன பண்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கேன். பெட்டி கட்டில் அடியில ரெடியா இருக்கு. ஒரு நாள் கிளம்பிடலாம்னு தோணுது, ஒரு நாள் வேண்டாம்னு தோணுது. ஆனா தப்பு என்னோடதோன்னு மட்டும் தோணறதில்லை."

சின்னக்கா துணியைப் போர்த்தினாள். என்னவோ சொல்ல நினைத்தாள். அம்மா அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். கடையில எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்."

"என்ன பண்ணணும் இன்னைக்கு?"

"முன்னாடி இந்த ரெண்டு பக்கமும் கொஞ்சம் குட்டையா வெட்டிவிடுங்க. குனிஞ்சு டைல்ஸ் காட்டும்போது கண்ணுல விழுது. பின்னாடி வேண்டாம். எனக்குப் பின்னல் போட்டுக்கப் பிடிச்சிருக்கு." சொல்லிவிட்டு, அப்போதுதான் கவனித்தவள் போல சின்னக்காவின் தலையைப் பார்த்தாள். "நீங்க என்ன அக்கா இப்படி விட்டுட்டீங்க?"

"எனக்கு இன்னும் தெரியலை," என்றாள் சின்னக்கா.

முன்முடியை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தைக் கிளிப் போட்டு ஒதுக்கினாள். மறுபக்கத்தை ஈரப்படுத்தி விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். "கண்ணை மூடிக்கோ," என்றாள். அந்தப் பெண் மூடிக்கொண்டாள்.